முழங்காலுக்குப் பின்னால் கயிறு வந்த கதை

"ஆள் உண்டா?"

"உண்டு."

முதலில் இந்த இரண்டு குரல்கள் கேட்கும். அப்புறம் உரலில் உலக்கை விழுவது மாதிரி டொக், டொக், டொக் என்று ஒரு சத்தம். அதற்கும் அப்புறம்தான் சரிவிலுள்ள புதர்களுக்கு மேலே ஒரு தலை தெரியும். மானும் தவளையும் எறும்பும் மனிதரோடு ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதர்கள் வருவதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. காதால்தான்.

அப்போது மனிதர்களுக்குத் தொடையின் முன்பக்கம் மட்டும்தான் சதை இருந்தது. பின்பக்கம் எலும்பு, அதன்மேல் தோல், அவ்வளவுதான். படைத்தவள் ஓடைக்கரையில் உட்கார்ந்து களிமண்ணைப் பிசைந்து ஒவ்வொன்றாகச் செய்தபோது, "பலத்தை எங்கே வைக்கட்டும்?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டாளாம். தவளை, "பின்னால் நிறைய வை தாயே" என்றது. மான், "முன்னால் பாதி, பின்னால் பாதி" என்றது. மனிதன் மட்டும், "எல்லாவற்றையும் முன்னாலேயே வை. நான் முன்னால் போகிறவன். பின்னால் எனக்கு என்ன வேலை?" என்றான். அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியாது. கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். போகிற அவசரத்தில் மிச்சக் களிமண்ணை மூடி வைக்க மறந்துவிட்டாள்.

மனிதனால் காலை முன்னால் வீச முடிந்தது. வீசிய காலை இழுத்து நிறுத்த முடியவில்லை. குனிந்தால் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் மூக்கு நேராக மண்ணில் போய் இடித்தது. அதனால் யாரும் குனிவதில்லை. விளக்குமாறு ஆள் உயரம் இருந்தது. உரலை இடுப்பு உயரக் கல்லின்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கீழே விழுந்த எதுவும் எறும்புக்குத்தான். மரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் ஊர் ஒரு மேட்டின்மேல் இருந்தது. தண்ணீர் சரிவின் அடியில். ஒரு தரம் சரிவில் கால் வைத்தால் ஓடையில் போய் விழும்வரை அந்தக் கால் நிற்காது. வழியில் பாறை இருந்தால் பாறையில் நிற்கும். அப்படி நின்றவர்கள் திரும்பி வரவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லோரும் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டார்கள். அதன் மறுமுனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு, மரத்தில் முதுகைக் கொடுத்து நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நடக்கிறவர் முதல் அடி வைக்கும் முன் "ஆள் உண்டா?" என்று கேட்க வேண்டும். பின்னாலிருந்து "உண்டு" என்று வந்த பிறகுதான் கால் பெயர வேண்டும். கேட்காமல் கிளம்பினால் கயிறு சுண்டி இழுத்துக் குப்புறத் தள்ளிவிடும். பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகும் முன் இதைக் கேட்கப் பழகின. கல்யாணம் என்றால் அன்றைக்கு அதுதான்: அவன் கயிற்றை அவள் வாங்கிக்கொள்வாள், அவள் கயிற்றை அவன் வாங்கிக்கொள்வான்.

மழை விட்ட காலைகளில் ஓடைக்கரை வெளியில் மிருகங்கள் ஆடும். மான் பாயும், பாய்ந்த வேகத்தில் ஒரு புல்நுனிக்கு முன் அப்படியே நிற்கும். தவளை உட்காரும், எழும், உட்காரும். மேட்டில் நின்று மனிதர்கள் பார்ப்பார்கள். அவர்களும் ஆட ஆசைப்பட்டதுண்டு. காலை நம்ப முடியாததால் கையை மட்டும் ஆட்டினார்கள். அது ஈ ஓட்டுவது மாதிரி இருந்தது. கீழேயிருந்து மான் சிரித்த சிரிப்பு மேடுவரை கேட்டது. அதற்குப் பிறகு யாரும் கையையும் ஆட்டவில்லை.

அந்த ஊரில் மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கயிற்றைப் பிடித்தவன் காத்தான், அவள் புருஷன். மருள் செடியின் நாரை ஊறவைத்து, அடித்து, திரித்துக் கயிறாக்குவதில் அவனுக்கு ஈடு கிடையாது. மற்ற புருஷர்கள் தண்ணீர் மொள்ளும் இடம்வரைதான் பெண்டாட்டியின் கயிற்றை விடுவார்கள். காத்தான் ஒவ்வொரு கோடையிலும் மாராயியின் கயிற்றில் இன்னும் கொஞ்சம் நார் சேர்த்து நீளமாக்கினான். அதனால் அவள் ஓடையையும் தாண்டி, ஆட்டம் நடக்கும் வெளியின் ஓரம்வரை போவாள். அவன் மேலேயிருந்து, "என்ன ஆடுறாங்க?" என்று கத்துவான். அவள் பார்த்ததைச் சொல்லுவாள். "மான் காலைத் தூக்கிட்டு அப்படியே நிக்குது." "எப்படி நிக்குது?" "அதான் தெரியல." இரண்டு பேரும் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொள்வார்கள். ஊர் முகம் சுளிக்கும்.

மழை தொடங்கும் முன் ஒரு காய்ச்சலில் காத்தான் போய்விட்டான். மாராயி தன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். துக்கம் முடியும்வரை ஊர் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

துக்கம் முடிந்த மறுநாள் காலை, அவள் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். "ஆள் உண்டா, உண்டு" என்று வரிசையாகக் குரல்கள் கேட்டன. ஊர் மூப்பன் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் கயிற்றைப் பிடித்தபடி அவர் மகன். பக்கத்தில் காத்தானின் தம்பி சடையன். அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி அவன் பெண்டாட்டி பூவாயி. சடையன் பிடிக்கப்படுகிறவன், பூவாயி பிடிக்கிறவள். அது மாறி யாரும் பார்த்ததில்லை.

"மாராயி, வழக்கம் உனக்குத் தெரியும்" என்றார் மூப்பன். "பிடிக்க ஆள் இல்லாதவங்களைப் புளியமரத்தோட கட்டி வைக்கிறது அவங்க நல்லதுக்குத்தான். வேளாவேளைக்குக் கஞ்சி வந்துடும்."

"தெரியும் மாமா."

"அது வேண்டாம்னா, யாரு கயித்தையாவது பிடிக்கிற ஆளாப் போகலாம்."

"வேற எங்க போகணும், நம்ம வீடு இருக்கறப்ப?" என்றான் சடையன். "வந்துடுங்க மதனி. பூவாயி கையில வலு போதல. நீங்களும் சேர்ந்து பிடிச்சா நான் ஓடைக்கு அந்தாண்ட மலைவரைக்கும் போயிட்டு வருவேன்."

"சரி. என் கயித்தை யாரு பிடிப்பா?"

சடையன் விழித்தான். அவன் கெட்ட எண்ணத்தோடு விழிக்கவில்லை. கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. "உங்க கயிறா? நீங்க எங்க போகப்போறீங்க மதனி?"

"எங்கிட்டயும் இதையேதான் கேட்டாரு" என்றாள் பூவாயி பின்னாலிருந்து. "கேட்டு நாலஞ்சு மழை ஆச்சு."

"நீ பேசாம பிடி."

மாராயி உலக்கையை உரலில் சாய்த்துவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள சொல்றேன்" என்றாள்.

"அதுவரைக்கும் இது எதுக்கு வீணா?" என்று சொல்லிச் சடையன் அவள் தோளில் கிடந்த கயிற்றில் கை வைத்தான். நல்ல கயிறு. நீளமான கயிறு. ஊரில் அதன்மேல் கண் வைக்காதவர்கள் குறைவு. மாராயி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தில் முழங்கை பட்டு முறம் கவிழ்ந்து, குத்திய கம்பு முழுவதும் தரையில் சிதறியது.

அவர்கள் டொக் டொக்கென்று போன பிறகு எறும்புகள் வந்தன. தலைமை எறும்பு கொஞ்சம் தயங்கியே கேட்டது. "கீழே விழுந்தது..."

"உங்களுக்குத்தான். தெரியும்" என்றாள் மாராயி.

கீழே வெளியில் ஆட்டம் தொடங்கியிருந்தது. அவள் சுவரையும் மரத்தையும் பிடித்து நகர்ந்து மேட்டின் விளிம்புக்கு வந்து நின்றாள். புளியமரம் இடது பக்கம். சடையன் வீடு வலது பக்கம். நேராகச் சரிவு. ஒரு பக்கம் போனால் கயிறு அவளைக் கட்டும். மறுபக்கம் போனால் அவள் சடையனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தோடு மரமாக நிற்பாள். எப்படியானாலும் ஆட்ட வெளியின் ஓரத்துக்கு இனி போக முடியாது. மான் எப்படி நிற்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஆள் உண்டா என்று கேட்க வாய் வந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டால் பின்னால் ஒன்றும் வராது. கேட்காமல் இருக்கும்வரை அந்த ஒன்றுமில்லாமை கொஞ்சம் தள்ளி நின்றது.

பிறந்ததிலிருந்து முதல்தடவையாகக் கேட்காமல் சரிவில் காலெடுத்து வைத்தாள்.

கால் போயிற்று. அடுத்த கால் அதைத் துரத்திக்கொண்டு போயிற்று. டொக் டொக் என்பது டடடடவென்று ஆகி, அப்புறம் சத்தமே இல்லாமல் காற்று மட்டும் காதில் இரைந்தது. ஒரு பாறை இந்தப் பக்கம் ஓடியது, ஒரு பாறை அந்தப் பக்கம் ஓடியது. ஓடையைத் தாண்டியது அவளுக்குத் தெரியவே இல்லை. மிருகங்கள் சிதறின. தொப்பென்று ஏதோ ஒன்றில் இடுப்புவரை இறங்கி நின்றாள்.

குளிர்ச்சியாக இருந்தது. படைத்தவள் மூடாமல் விட்டுப்போன களிமண்.

"மனுஷங்க ஆட வந்துட்டாங்க" என்றது மான். "வணக்கம் வச்சு வரவேத்திருப்போம். நீ எங்க சொல்ல விட்ட?"

"நான் ஆட வரல. விழ வந்தேன்" என்றாள் மாராயி.

"அதை நல்லாவே செஞ்ச."

தவளை ஒன்று தத்தி அவள் முன்னால் வந்து கன்னத்தை உப்பிக்கொண்டு பார்த்தது. "தாயி, முதல்ல அந்த மண்ணை விட்டு வெளிய வா. நம்மையெல்லாம் பிசைஞ்ச மண்ணு அது. எது ஒட்டினாலும் காஞ்சதும் உடம்போட சேர்ந்துடும். நேத்து அந்த நாரை அதுல கூழாங்கல்லு மேல மண்டி போட்டு நின்னுச்சு. இன்னைக்கு அதுக்கு முட்டியப் பாரு."

தூரத்தில் நின்ற நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் ஒவ்வொரு காலின் நடுவிலும் ஒரு குமிழ் இருந்தது. இன்றும் இருக்கிறது.

மாராயியின் கயிற்றை மான் பல்லால் பிடித்து இழுக்க, வெளியே வந்து விழுந்தாள். விழுந்தவள் எழவில்லை. குப்புறக் கிடந்தபடி கையில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்தாள். அப்புறம் தவளையின் காலைப் பார்த்தாள்.

"தவளையாரே, உங்க பின்னங்காலைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"நீங்க உக்கார்றதும் எழறதும் எதனாலன்னு பார்க்கணும்."

தவளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சரி. மெதுவா. எனக்குக் கூச்சம் அதிகம்."

அவள் தொட்டுப் பார்த்தாள். தொடைக்குப் பின்னால், தோலுக்கு அடியில், திரண்டு ஒன்று ஓடியது. மேலே ஒரே திரளாக இருந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் போய்க் காலைப் பிடித்துக்கொண்டது. தவளை காலை நீட்டினால் அது விட்டுக்கொடுத்தது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இறுகியது. மாராயிக்கு இது தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தேவையான இடத்தில் இறுக்கிப் பிடிக்கிற கை.

"இது கயிறு" என்றாள். "உங்களுக்கெல்லாம் பிடிக்கிற ஆளை உள்ளேயே வச்சுக் குடுத்திருக்கா."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க" என்றது மான்.

மாராயி தன் தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி முன்னால் வைத்தாள். அதன் ஒரு முனை அவள் இடுப்புச் சூட்டில் வழவழத்திருந்தது. மறுமுனை காத்தானின் உள்ளங்கை வியர்வையில் கறுத்திருந்தது. நடுவில், ஒவ்வொரு கோடையிலும் அவன் நார் சேர்த்த இடங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தவளைக்குப் புரிந்துவிட்டது. "யோசிச்சுக்க தாயி. மண்ணு வாங்கினதைத் திருப்பித் தராது. இது பலிக்கலைன்னா உன்னை மேல இழுக்கக் கயிறு எட்டாது."

"எட்டினாலும் இழுக்க ஆள் இல்ல."

"வேற கயிறு போட்டுப் பார்ப்போமே. கொடி எதையாவது."

"வேற கயித்துக்கு என்னைத் தெரியாது" என்றாள்.

கிளிஞ்சல் ஒன்றை எடுத்து, கறுத்த பக்கமாகவே இரண்டு துண்டு அறுத்தாள். மிச்சத்தைச் சுருட்டிக் கரையில் வைத்தாள்.

"மேல் முனையை எங்க வைக்கணும்?"

"நீ உக்கார்ற எலும்புல" என்றது தவளை.

"நான் உக்கார்ந்ததே இல்லையே."

தவளை கொஞ்ச நேரம் அவளை வாயைப் பிளந்து பார்த்தது. இப்படி ஒரு சோகத்தை அது கேள்விப்பட்டதில்லை. "உக்கார்ந்தா எது முதல்ல தரையத் தொடுமோ, அது. நீ படு, நான் காட்டறேன்."

அவள் குப்புறப் படுத்தாள். தவளை மண்ணை அள்ளி அள்ளி அப்பியது. அடிக்கொரு தரம் தண்ணீரில் குதித்துத் தன் கையைக் கழுவிக்கொண்டது. கீழ்முனையில் திரியைப் பிரித்து, பாதியை முழங்காலின் உள்பக்கமும் பாதியை வெளிப்பக்கமும் வைத்தது. "ஒரே பக்கம் வச்சா கால் திருகிக்கும்" என்றது. கயிறு தளராமல் பல்லால் இழுத்துப் பிடிக்கிற வேலை மானுக்கு. மான் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாக இழுத்துப் பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் விடு" என்றது தவளை.

"போதும் போதும். எல்லாமே ஒரே நாள்ல வந்துட்டா எங்க ஆட்டத்தை அப்புறம் யாரு பார்ப்பா?"

அந்தக் குட்டைதான், முழங்காலை மடக்காமல் குனிந்து காலின் பெருவிரலைத் தொடப் பார்த்தால் இன்றைக்கும் நம்மில் பலருக்கு ஒரு சாண் எட்டாமல் போவது.

வெயில் ஏறியது. மண் வெளுத்து, வெடித்து, உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் கயிறு இல்லை. தோல் இருந்தது, தோலுக்கு அடியில் திரண்டு ஒன்று ஓடியது. சூடாக இருந்தது.

மாராயி கையை ஊன்றி எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். தொடைக்குப் பின்னால் சுரீரென்று சுண்டி இழுத்தது. விழுந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி சுண்டியது. மறுபடி மண்.

மான் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

"பலிக்கல" என்றாள் மாராயி.

"கயிறு நல்லாத்தான் இருக்கு" என்றது தவளை. "அதுக்கு ஏதோ கோவம். மேல இருக்கறப்ப நடக்க முன்னாடி நீங்க என்னமோ கத்துவீங்களே, தினமும் எங்க காதைப் பிளக்கும். அதை ஏன் இன்னைக்குக் கத்தல?"

மாராயி ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மேட்டின்மேல் விழுங்கிய கேள்வி இன்னும் தொண்டையிலேயே இருந்தது. கேட்டு, பதில் வராமல் போனால், அதற்குப் பிறகு காத்தான் உண்மையாகவே போய்விட்டவன் ஆகிவிடுவான்.

எழுந்து நின்று முழங்காலை மெல்ல மடக்கினாள். கையால் தரையைத் தொட்டாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஆள் உண்டா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு தொடைக்கும் பின்னால் லேசாக இரண்டு இழுப்பு. மேட்டில் மரத்தில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, பேசக் கையொழியாத நேரங்களில் காத்தான் கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்துக் காட்டுவான். அதே இழுப்பு.

கயிற்றுக்குப் பழக்கம் அது, வேறொன்றுமில்லை என்று மான் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தது. மாராயி அதோடு வாதாடவில்லை.

அவள் நடந்தாள். டொக் என்ற சத்தம் வரவில்லை. கால் போன இடத்தில் பூப்போல இறங்கியது. ஓடினாள். நில் என்று நினைத்தாள், நின்றாள். ஒரு புல்நுனி அவள் பெருவிரலுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதை மிதிக்கவில்லை. குனிந்தாள். மூக்கு மண்ணில் இடிக்கவில்லை. பாதி வழியில் அப்படியே தொங்கிக்கொண்டு, தன் கால்விரல்களை முதல்தடவையாகப் பக்கத்தில் பார்த்தாள். அசிங்கமாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். தவளை கூடவே உட்கார்ந்து எழுந்து, மூச்சுவாங்கி, தோற்றுப்போய் மல்லாந்து படுத்தது.

மான் காலைத் தூக்கி நின்றது. மாராயியும் காலைத் தூக்கி நின்றாள். மான் அசையவில்லை. அவளும் அசையவில்லை. காற்று அடித்தது, இருவரும் அசையவில்லை. கடைசியில் மான்தான் காலை இறக்கியது. "எனக்குக் குட்டிக்குப் பால் குடுக்க நேரமாச்சு" என்றது.

பொழுது சாயும் நேரத்தில் மூப்பனும் சடையனும் ஊர்க்காரர்களும் மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். மாராயி சரிவில் விழுந்து செத்துவிட்டாள் என்று முடிவாகியிருந்தது. கயிற்றை எடுத்துவர யார் போவது என்றுதான் பேச்சு. அவள் ஏறி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. எதிரில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தார்கள். மூப்பன் பயந்து நெஞ்சில் கை வைத்தார். சத்தமில்லாமல் வருவது பேய் மட்டும்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள சொல்றேன்னு சொன்னேன்" என்றாள். "நான் மரத்துக்கும் வரல. யாரு வீட்டுக்கும் வரல."

சொல்லிவிட்டுத் திரும்பிச் சரிவில் பத்தடி இறங்கினாள். நின்றாள். கயிறில்லாமல், சரிவின் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பூவாயி மட்டும் தன்னையறியாமல் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். தட்ட வேண்டுமானால் கையிலிருப்பதை விட வேண்டும். விட்டுவிட்டாள்.

அதே நேரம் சடையன், "கயிறு எங்க? அண்ணன் கயித்தை என்ன செஞ்சீங்க?" என்று கத்திக்கொண்டு, கோபத்தில் ஆள் உண்டா என்று கேட்காமலே காலை வீசினான்.

கால் போயிற்று. பின்னால் யாரும் இல்லை என்பது மூன்றாவது அடியில் அவனுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். பாறை நேர் கீழே இருந்தது.

மாராயி விலகவில்லை. இரண்டு காலையும் அகட்டி, முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி, பாதி உட்கார்ந்தாள். உள்ளங்காலைத் தரையில் பதித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பின்னாலிருந்து இழுப்பு வந்தது. சடையன் வந்து அவள் தோளில் மோதினான். இரண்டு பேரும் ஒரு முழம் சறுக்கி, நின்றார்கள். அவள் தொடைக்குப் பின்னால் இருந்தவை இறுகி, நடுங்கி, தாங்கின.

சடையன் அவள் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டான். "யாரு பிடிச்சது?"

"நான்தான்."

"உங்களை யாரு பிடிச்சிருக்கா மதனி?"

"இருக்கு தம்பி" என்றாள் மாராயி. "ஆள் இருக்கு."

மறுநாள் மாராயி ஒவ்வொருவராகப் பிடித்து இறக்கிவிட, வெயில் ஏறும் முன் ஊர் முழுவதும் ஓடைக்கரையில் குப்புறப் படுத்திருந்தது. முதல் ஆளாகப் பூவாயி தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டாள். தவளையின் சொந்தபந்தமெல்லாம் மண் அப்ப வந்தது. மான் கூட்டம் கயிறு இழுக்க வந்தது. எல்லோருடையதையும் கொஞ்சம் குட்டையாகவே இழுத்தது. மூப்பன் கௌரவம் பார்த்துக் கடைசியாக வந்தார். அதற்குள் மண் தீர்ந்துகொண்டிருந்தது. வழித்து அப்பியதில் அவருக்குக் கயிறு கொஞ்சம் விறைப்பாகவே அமைந்தது. மூப்படைகிறவர்களுக்கெல்லாம் அது அப்படியே வாய்த்துவிட்டது. படைத்த மண் அன்றோடு தீர்ந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு எந்தப் பிராணிக்கும் புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை.

சாயங்காலம் அந்த வெளியில் வட்டமாக நின்றார்கள். எல்லோரும் ஒன்றாக முழங்காலை மடக்கி, தரையைத் தொட்டு, கேட்டார்கள். அத்தனை பேர் தொடையிலும் இழுப்பு வந்தது. மாராயி முதல் அடி வைத்தாள். குனிந்தார்கள், ஒரு பக்கம் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஒரு காலத்தில் ஈ ஓட்டிய கைகளுக்கு இப்போது வேலை கிடைத்தது. குனிந்தபோது ஒரு தட்டு, நிமிர்ந்தபோது ஒரு தட்டு. பூவாயியின் கைச்சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, கை வலு போதாதவள் என்று சொல்லப்பட்டவளின் சத்தம். சடையன் அவளுக்குப் பின்னால் தாளம் தப்பித் தப்பி ஆடினான். அவள் திரும்பிப் பார்த்து, "கேட்டுட்டு ஆடுங்க, கேட்டுட்டு ஆடுங்க" என்றாள். அன்றைக்கு மானெல்லாம் மேட்டில் ஏறி நின்று மனிதர் ஆடுவதைப் பார்த்தன. எந்த மானும் சிரிக்கவில்லை.

முழங்காலை மடக்கி அதன் பின்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நாண் மாதிரி இறுகி நிற்கும் கயிறு இரண்டும் அன்று முதல்தான் மனிதர் காலில் இருக்கின்றன. ஆடப் போகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் முழங்கால் மடக்கிப் பாதி உட்கார்ந்து தரையைத் தொடுவதும் அப்போது தொடங்கியதுதான். நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்து ஓடுகிறவனைத் தொடைக்குப் பின்னால் சுண்டி இழுத்து நிறுத்துகிறதே, அது நோயல்ல. கேட்க மறந்துவிட்டான் என்று கயிறு நினைவுபடுத்துகிறது. கேட்டால் போதும். மெதுவாகக் குனிந்து கேட்டால், பின்னால் ஆள் உண்டு என்று அது எல்லோருக்கும் சொல்லும். யாரும் இல்லாதவர்களுக்கும் சொல்லும்.

ஆட்டம் முடிந்து மாராயி வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. உரலைச் சுற்றிக் கம்பு சிதறியபடியே கிடந்தது. எறும்புகள் ஓரமாகச் சுமந்துகொண்டிருந்தன.

"கீழே விழுந்தது எங்களுக்குன்னு நேத்து நீயேதான் சொன்ன" என்றது தலைமை எறும்பு.

"சொன்னேன். நேத்து என்னால குனிய முடியல." ஓரமாகக் கிடந்ததைக் கையால் அவற்றின் பக்கம் தள்ளிவிட்டாள். "அதை எடுத்துக்குங்க."

பிறகு மெதுவாகக் குனிந்து, குந்தி உட்கார்ந்து, மீதிக் கம்பை முறத்தில் அள்ளினாள். மண்ணைப் புடைத்து ஊதினாள். எழுந்து உரலில் கொட்டிவிட்டு உலக்கையைக் கையில் எடுத்தாள்.